பாயம்மா கடையின் மிட்டாய்ப் பெட்டி

கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டபோது நான் மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விடுவதற்கும் வாழவந்தி கிராமத்துக்குப் போகும் பேருந்து வருவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறிது நேரத்தில் கடை முன்னால் எப்போதும் இரைச்சல் இருக்கும். அன்று அந்தச் சத்தத்துக்குப் பிறகு இரைச்சல் நின்றுவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இறங்கி ஓடினேன்.

கடையின் சிமெண்டுத் தரையில் கண்ணாடித் துண்டுகளும் கமர்கட் உருண்டைகளும் கலந்து கிடந்தன. வாசற்படிக்கு வெளியே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாயம்மா நடுவில் நின்று, இடது கையை உயர்த்தி அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் காலெடுத்து வெக்காதீங்க! அக்கட்டயே நில்லுங்க சாமி. மிட்டாய் எங்கியும் ஓடிராது."

"பாயம்மா, உங்க காலுல ரத்தம்" என்றாள் ஒரு சிறுமி.

"அது ரத்தமில்ல கண்ணு, வெத்தலை எச்சி" என்றார் பாயம்மா. அவருக்கு வெற்றிலை போடும் வழக்கமே கிடையாது.

பாயம்மா என்பது ஊர் அவருக்கு இட்ட பெயர். ஏற்காடு கடைவீதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறும் பாதையில், பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அவருடைய கடை இருக்கிறது. கணவர் தொடங்கிய கடை. அவர் காலமான பிறகு பாயம்மா தனியாக நடத்தினார். பேனா, நோட்டு, பிஸ்கட், ஊறுகாய்ப் பொட்டலம் என்று எல்லாக் கடையிலும் உள்ளவை அங்கும் உண்டு. பிள்ளைகள் அங்கே வந்தது கமர்கட்டுக்காக. வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்துக் கெட்டியாக உருட்டிய, பெரிய நெல்லிக்காய் அளவிலான அந்த மிட்டாயைச் சேலத்தில் ஒரு குடும்பம் இவருக்காகவே செய்து அனுப்பியது.

நான் அந்தக் கடையின் மாடியில் குடியிருந்தேன். சமூகப் பணியில் பட்டம் பெற்று, மலைக் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் மலைக்குக் கீழே, அடிவாரம். நான் குடிவந்த முதல் குளிர்காலத்தில் பாயம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு விரைவில் திரும்பிவிட்டது. "வாய்க்குத்தான் வேலை ஜாஸ்தி, அதான் மொதல்ல எந்திரிச்சுருச்சு" என்பார். நடையும் திரும்பியது. வலது கையின் விரல்கள் மட்டும் திரும்பவில்லை. அவை மடங்கவும் இல்லை, பற்றவும் இல்லை. சேலைத் தலைப்புக்குள் அந்தக் கையைத் தூங்கும் குழந்தையைப் போல வைத்திருப்பார்.

ஜாடி உடைந்த செய்தி சேலத்தில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய மகனுக்கு எட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். மென்மையான மனிதர், தாயிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை, ஆனால் கடையை மூடிவிட்டுத் தன்னோடு சேலத்துக்கு வரும்படி கேட்பதை விடவும் இல்லை.

"இன்னைக்கு ஜாடி உடைஞ்சது. நாளைக்கு ஒரு புள்ளை காலு கிழிஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"கிழியலையே."

"கிழிஞ்சா?"

"ஒன்ற ஊட்டுக்கு வந்து நான் என்ன பண்றது? டிவி பொட்டிக்குக் காவல் இருக்கட்டுமா?"

"பேரப்புள்ளைங்க இருக்காங்கல்ல."

"அதுங்க எங்க இருக்குது? இஸ்கூலு, டியூசன், கராத்தே. ஊட்டுக்கு வர்றதே சோறு திங்கத்தான். அதுங்களைப் பாக்கறதுக்கு நானும் டியூசன்ல சேரோணும்."

மகன் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறது தப்புங்களா?"

தப்பில்லை. அதை நான் பாயம்மாவின் முன்னிலையிலேயே சொன்னேன். பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் கண்ணாடி ஜாடிகளும் ஒற்றைக் கையும் ஆபத்தானவை. பாயம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தினமும் மாடிக்கு வரும் தேநீர் அன்று மாலை வரவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது, அதையும் நான் மகனிடம் சொன்னேன். வாழவந்திப் பேருந்து நேரத்துக்கு வருகிற வண்டியில்லை. மழைக்காலத்தில் மதியம் தாண்டினாலே மூடுபனி இறங்கிவிடும். எதிரே நிற்பவர் முகம் தெரியாது. எஸ்டேட் வேலைக்குப் போன தாய்மார்களால் அழைக்க வர முடியாது. பேருந்து வரும்வரை அந்த ஊர்ச் சிறுமிகள் ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரே காரணம் இந்தக் கடை. பேருந்து தாமதமாகும் நாட்களில் பாயம்மா அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைப்பார். வந்ததும் ஒவ்வொருத்தியாக ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை எடுப்பார். கடை மூடினால் பூட்டப்படுவது வியாபாரம் மட்டும் அல்ல.

மகன் ஒரு கெடு வைத்தார். கோடை விடுமுறை தொடங்கவிருந்தது. பள்ளிக்கூடம் மறுபடி திறக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமை தான் வருவதாகவும், மாலை நெரிசலை அம்மா யாருக்கும் ஆபத்தில்லாமல் தனியாகச் சமாளிப்பதைப் பார்த்தால் விட்டுவிட்டுப் போவதாகவும், இல்லையென்றால் அன்றே அழைத்துக்கொண்டு இறங்குவதாகவும் சொன்னார். பாயம்மா சம்மதித்தார். சம்மதித்த பிறகு என்னைப் பார்த்து, "நீதானே கண்ணு கெடுத்தே. நீயே வழி சொல்லு" என்றார்.

வழிகளை நான் ஒவ்வொன்றாக எடைபோட்டேன். பிளாஸ்டிக் டப்பாவின் மூடிக்கும் இரண்டு கை வேண்டும். மூடியில்லாத தட்டில் வைத்தால் எறும்பு வரும். ஏற்காட்டுப் பனியில் ஒரே மாலையில் எல்லா உருண்டைகளும் ஒட்டி ஒன்றாகிவிடும். பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் பெரிய பிள்ளைகளின் கைகள் மட்டுமே உள்ளே போகும். ஒரு பெட்டி வேண்டும். அது மூடியே இருக்க வேண்டும். ஆனால் ஒற்றைக் கையின் ஒற்றை அசைவில் ஒரே ஒரு மிட்டாயைத் தர வேண்டும். யோசனை அங்கே வந்து நின்றதும், அதை நானே மரத்தில் செய்வது என்று முடிவு செய்தேன். அடிவாரத்து வீட்டில் அப்பாவின் ரம்பமும் இழைப்புளியும் இருந்தன. சிறுவயதில் பறவைக்கூடு செய்த அனுபவம் எனக்கு இருந்தது. பறவைகள் அதில் குடியேறவில்லை என்பதை அப்பா நினைவூட்டினார்.

பெட்டியின் அமைப்பு எளிமையானது. மேலே மிட்டாய் நிறையும் ஓர் உயரமான அறை. அதன் அடித்தளம் நடுவை நோக்கிச் சரிந்து ஒரு துளையில் முடியும். துளைக்குக் கீழே ஒரு நகரும் பலகை. அந்தப் பலகையில் ஒரே ஒரு கமர்கட் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. பலகையின் முனையிலுள்ள குமிழைப் பிடித்து இழுத்தால், குழியில் உட்கார்ந்த மிட்டாய் அறையை விட்டு வெளியே வந்து, கீழே உள்ள இன்னொரு துளைக்கு மேல் நிற்கும். நின்ற கணத்தில் விழும். விழுந்தது ஒரு சரிவில் உருண்டு, பிள்ளைகள் நிற்கும் பக்கம் போய்ச் சேரும். குமிழை விட்டால், பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டை பலகையை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பக்கத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். உடையாத, ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு போட்டேன். மிட்டாய் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு அது வெறும் மரப்பெட்டி.

மரம், எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழலாக வளர்க்கும் சில்வர் ஓக். வாழவந்திக் குழுத் தலைவி தன் மாட்டுக்கொட்டகை வேலையில் மிஞ்சிய பலகைகளைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர், காரணத்தைச் சொன்னதும் கூட்டம் முழுவதும் கேட்கும்படி ஆரம்பித்தார். குழுக்களில் எனக்கு டீச்சர் என்று பெயர்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைங்களுக்கு மிட்டாய் வாங்கித் தராதீங்க, கேழ்வரகு உருண்டை குடுங்கன்னு போன கூட்டத்துல நீங்கதானே பேசுனீங்க? இப்ப நீங்களே மிட்டாய்க்கு மிசினு செய்யறீங்களாமா?"

"ஒரு தடவைக்கு ஒண்ணுதானுங்க விழும்."

"அது செரி. தடவையை யாருங்க எண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் இறங்கி வந்தது. இனிப்பைச் சுலபமாக்கும் ஒரு பொருளைச் செய்வது, நான் மேற்கொண்டிருக்கும் வேலைக்கு முரண் அல்லவா என்று உண்மையாகவே தயங்கினேன். இறுதியில் எனக்குத் தோன்றியது இதுதான்: கணக்கு வைப்பது பெட்டியின் வேலை அல்ல, பாயம்மாவின் வேலை. யாருக்குப் பல்வலி, யார் காலையில் சாப்பிடாமல் வந்தாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அங்கே இருக்கும்வரை அந்தப் பெட்டி கட்டுக்குள் இருக்கும். அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை, பிள்ளைகளின் பெயர் தெரியாத யாரோ விற்பார்கள்.

விடுமுறை நாட்களில் அடிவாரத்து வீட்டின் பின்கட்டில் வேலை நடந்தது. மே மாதத்து வெயில். இழைத்த மரச்சுருள்கள் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டன. அம்மா வாசலில் நின்று, "படிக்க வெச்சதுக்கு மிட்டாய்ப் பொட்டி செய்யறா. கல்யாணத்துக்கு ஒரு பீரோ செஞ்சாலும் ஆவும்" என்றார். அப்பா பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு என் பக்கம் நின்றார். நகரும் பலகை தன் பள்ளத்தில் இம்மி இடைவெளியும் இல்லாமல் பொருந்த வேண்டும் என்று நான் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். இழுத்தால் எண்ணெயில் வழுக்குவதுபோல வந்தது. ஒரே ஒரு கமர்கட், ஒவ்வொரு முறையும். அப்பா தனக்கு ஒன்றை இழுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பறவைக்கூட்டுக்கு இது தேவலை" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மலையேறினேன். வளைவுகளில் உள்ளே கமர்கட்டுகள் இப்படியும் அப்படியும் உருண்டு சத்தமிட்டன. ஏற்காட்டில் அன்று மழை பெய்து ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. கடை மேசையில் பெட்டியை வைத்து, மறுநாள் காலை பாயம்மாவின் முன்னால் பெருமையோடு குமிழை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். பெட்டிதான் என்னோடு வந்தது.

பாயம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடிவாரத்துப் பொட்டிக்குக் குளிரு தாங்கல கண்ணு. அதுக்கு ஒரு சுவெட்டர் போடு."

மலையடிவாரத்துக்காரர்கள் எல்லாரும் செய்யும் தவறு அது. கீழேயிருந்து மொறுமொறுப்பாகக் கொண்டுவரும் அப்பளம் மேலே வந்ததும் துவண்டுவிடும், உப்பு தண்ணீராகிவிடும். கீழே காய்ந்த மரம் மேலே பனியைக் குடித்து உப்பிவிடும் என்பதை, வாரந்தோறும் இந்த மலையை ஏறியிறங்கும் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி, ஈரம் முழுக்க ஏறிய நிலையிலேயே பலகையை மறுபடி இழைத்து, தாராளமாக இடைவெளி விட்டு, மெழுகு தேய்த்தேன். இப்போது அது கடகடவென்று ஆடியது, ஆனால் வேலை செய்தது. உருண்டைகள் ஒட்டாமலிருக்கப் பொட்டுக்கடலை மாவில் புரட்டிப் போடலாம் என்று பாயம்மா யோசனை சொன்னார், அதுவும் பலித்தது.

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பிக் கடையின் ஓரத்தில் நின்றேன். மணியடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். பெட்டியைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: பாயம்மா குமிழைத் தொடவில்லை. "நீயே இழுத்துக்க சாமி" என்று முன்னால் நின்றவளிடம் சொன்னார். அவள் இழுத்தாள். அடுத்தவன் இழுத்தான். பிறகு குமிழுக்காகச் சண்டை தொடங்கியது. உயரமானவர்கள் தொடர்ந்து இழுக்க, சிறியவர்கள் மேசைக்குக் கீழே நசுங்கினார்கள். ஒருத்தி அழுதாள். பேருந்து வந்தபோது பாதிப் பேர் வெறுங்கையோடு ஓடினார்கள். பாயம்மா முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். கூட்டம் போன பிறகு நான் கேட்டேன்.

"குமிழை இடது கை பக்கம்தானேம்மா வெச்சிருக்கேன். இழுக்கக் கஷ்டமா இருக்குங்களா?"

"கஷ்டமெல்லாம் இல்ல. நொம்ப நல்லா செஞ்சிருக்கே."

"அப்புறம் ஏன் நீங்க இழுக்கறதில்லை?"

அவர் நோட்டுகளை அடுக்கினார். நான் விடவில்லை. இறுதியில், ஒரு சிறுபிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"நொட்டாங்கையால எப்படிக் கண்ணு குடுக்கறது? புள்ளைங்க வாய்க்குப் போறதாச்சே."

நொட்டாங்கை என்றால் இடது கை. சோற்றைத் தொடும் கை வலது. அதற்குப் பெயரே சோத்துக்கை. அவருடைய மார்க்கத்திலும் அதுதான் வழக்கம், எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். பிரசாதத்துக்கு இடது கையை நீட்டி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். ஆனாலும் வாதிட்டேன்.

"நீங்க மிட்டாயைத் தொடறதே இல்லையேம்மா. குமிழைத்தானே தொடறீங்க? பெட்டிதானே குடுக்குது?"

"பொட்டி குடுக்கறதுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு இன்னொன்றும் புரிந்தது.

"அன்னைக்கு ஜாடி எப்படிம்மா விழுந்தது?"

"அதான் சொன்னேனே, வழுக்கிருச்சு."

"எந்தக் கையிலிருந்து?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜாடியை மேசைமேல் வைத்து, மிட்டாயை நல்ல கையால் எடுத்திருந்தால் அது விழுந்திருக்காது. பக்கவாதத்துக்குப் பிறகு இத்தனை மாதங்களாக அவர் ஜாடியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடங்காத வலது விரல்களை உள்ளே விட்டு, ஒவ்வொரு மிட்டாயாக விளிம்புக்கு உருட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். நெரிசலில் யாரும் கவனிக்கவில்லை. மகனும் கவனிக்கவில்லை, மாடியிலேயே இருந்த நானும் கவனிக்கவில்லை. கை முடியாமல் போனதால் ஜாடி விழுந்தது என்று எல்லாரும் நினைத்தோம். முடியாத கையால்தான் கொடுப்பேன் என்று அவர் நின்றதால் அது விழுந்தது.

எனக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வலது கையை முழுவதுமாக ஓரங்கட்டும் ஒரு பெட்டியை நான் செய்திருந்தேன். அது நன்றாக வேலை செய்திருந்தால் அந்தக் கை சேலைத் தலைப்புக்குள் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். மருத்துவமனையில் அவருக்குச் சொல்லியனுப்பிய பயிற்சியே அந்தக் கையை மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளுவதுதான். அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. "காத்தைத் தள்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்பார்.

"அந்தக் கையை மேசைமேல வையுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"வையுங்க. முன்னால தள்ளுங்க."

இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். விரல்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் தோளிலிருந்து ஒரு பலம் புறப்பட்டு முழங்கை வழியாக வந்தது. உள்ளங்கை பலகைமேல் மெதுவாக முன்னால் நகர்ந்தது, துணியின் சுருக்கத்தை நீவி விடுவதுபோல. அவரே அதைச் சற்று வியப்போடு பார்த்தார்.

"பிடிக்கத்தான் ஆவாது. தள்ளும் போலிருக்குது" என்றார்.

அன்றும் மறுநாளும் மாலை முழுவதும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பெட்டியை மாற்றினேன். இழுக்கும் பலகையைத் தள்ளும் பலகையாக்கினேன்: குழி இப்போது பிள்ளைகளின் பக்கம் போய் மிட்டாயை உதிர்க்கும். குமிழைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் விரித்த உள்ளங்கை முழுதாகப் படியும் அகலத்துக்கு ஒரு பலகை வைத்தேன். கை நழுவாமலிருக்க விளிம்பு கட்டினேன். பாயம்மா தன் பழைய பருத்திச் சேலையொன்றைக் கிழித்து மடித்து அதற்கு மெத்தை போட்டார். முதலில் போட்ட ரப்பர்ப் பட்டை அவருக்குக் கனமாக இருந்தது. அதிகம் தள்ளினால் தோள் நோகுமே என்று அஞ்சி மெல்லியதாக வெட்டிப் போட்டேன். அது பலகையைத் திரும்ப இழுக்கவில்லை. மறுபடி சற்று அகலமாக வெட்டினேன். "நல்லா தையல்காரி மாதிரி அளவு எடுக்கறே, ஒரு ரவிக்கையே தெச்சிருக்கலாம்" என்று கேலி செய்துகொண்டே, ஒவ்வொரு தடவையும் அவர் அலுக்காமல் தள்ளிப் பார்த்தார். விழுந்த கமர்கட்டையெல்லாம் எனக்கே கொடுத்தார். வியாழக்கிழமை மாலை நான் அமைப்பு வேலையாக வெளியே போயிருந்தேன். எப்படி நடந்தது என்று கேட்டபோது, "நாளைக்குப் பாத்துக்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மகன் மதியத் தொழுகையை முடித்துக்கொண்டு சேலத்திலிருந்து ஒரு வேனில் வந்தார். வேனின் பின்னிருக்கையில் தலையணையும் போர்வையும் இருந்தன. தாய் படுத்துக்கொண்டு வரட்டும் என்ற யோசனை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: அவர் அழைத்துப் போகவே வந்திருந்தார். கடைக்குள் வராமல், எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

மணியடித்தது. பாயம்மா எழுந்து மேசைக்குப் பின்னால் நின்றார். சேலைத் தலைப்பை விலக்கினார். இடது கையால் வலது கையைத் தூக்கி மெத்தைமேல் வைத்தார்.

"வரிசை! வரிசை! தள்றவங்களுக்கு நாளைக்குத்தான்."

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதல் சிறுமி சரிவின் முனையில் தன் வலது கையைக் குவித்து நீட்டினாள். பாயம்மா தள்ளினார். கை பாதி வழியில் நின்றது. அவர் தோளைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்ததும் பலகை மீதி தூரம் போனது. கமர்கட் உருண்டு அவள் கையில் விழுந்தது.

"ம், அடுத்தது. ஏண்டி, நேத்துப் பல்லு வலின்னு அழுதியே? உனக்கு பிஸ்கட்தான். மூஞ்சியத் தூக்காத. நீ வா சாமி. காலையில என்ன தின்னே? ஒண்ணும் திங்கலையா? மொதல்ல அந்த டப்பாவுல பொரி இருக்குது, எடுத்துத் தின்னுட்டு வா. அடுத்தது."

மூடுபனி பாதையில் இறங்கத் தொடங்கியிருந்தது. பேருந்தின் விளக்குகள் வளைவில் தெரிந்தபோது வரிசையில் இன்னும் சிலர் இருந்தார்கள். பாயம்மா அவசரப்படவில்லை. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "பாயம்மா, வண்டி எடுக்கட்டுங்களா?" என்று கத்தினார். "என்ற புள்ளைங்க ஏறாம எடுத்துப் பாரு, தெரியும் சேதி" என்று இவர் கத்தினார். கடைசிப் பிள்ளைக்கும் விழுந்தது. ஒவ்வொருத்தியும் ஏறுவதைப் பார்த்த பிறகே அவர் மெத்தையிலிருந்து கையை எடுத்தார்.

பேருந்து போனது. மகன் இன்னும் என் பக்கத்தில் நின்றார்.

"அந்தக் கை அசையாதுன்னு நெனைச்சேனுங்க" என்றார். பிறகு, "யாரும் எங்கிட்ட சொல்லலை" என்றார்.

சாலையைக் கடந்து கடைக்குப் போனார். தாய்க்கு எதிரே நின்று பேச வாயெடுத்தார். சேலத்திலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அவர் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் இருந்திருக்கும். நான் அவற்றுக்குப் பயந்துகொண்டுதான் பின்னால் போனேன். பாயம்மா அவரை நிறுத்தினார்.

"மொதல்ல கையை நீட்டு."

"அம்மா, நான் சொல்றதை—"

"நீட்டு சாமி."

வயது நாற்பதைத் தொடும் அந்த மனிதர் சரிவின் முனையில் கையைக் குவித்து நீட்டினார். பாயம்மா தள்ளினார். அத்தனை பேருக்கும் தள்ளிய கை களைத்திருந்தது. பலகை விட்டு விட்டுப் போனது. மகன் உதவிக்கு நகரவில்லை. விழும்வரை காத்திருந்து, வாங்கி, வாயில் போட்டுக்கொண்டார்.

கமர்கட்டை வாயில் போட்டவர் அது கரையும்வரை பேச முடியாது. கடித்தால் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பாயம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். முக்காலியை இழுத்து அவரை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"இப்ப நான் பேசறேன், நீ கேளு. உன்ற மேல எனக்குக் கோவமில்ல. உன்ற பொண்டாட்டி மேலயும் இல்ல. ஒடம்புக்கு நொம்ப முடியாமப் போனா நானே போன் பண்ணி வரச் சொல்றேன், அன்னைக்கு நீ தலையணை கொண்டா, படுத்துட்டு வர்றேன். மாசத்துக்கு ஒருக்கா ஆசுபத்திரிக்கு நானே எறங்கி வர்றேன், இந்த மாடிப் புள்ளை கூட்டியாரும். கண்ணாடி ஜாடி இனிமே இந்தக் கடையில இல்ல, பாத்துக்க, ஒண்ணுகூட இல்ல. ஆனா இப்ப வர மாட்டேன். கேட்டுச்சா?"

மகன் கன்னம் உப்பியிருக்க அவரையே பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன. ஏதோ சொல்ல முயன்றார், வெல்லம்தான் முந்திக்கொண்டது. மெத்தைமேல் கிடந்த தாயின் வலது கையை மகன் எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டுவரை மெதுவாக நீவிவிட்டார்.

"இனிப்பு செரியா இருக்குதா?" என்று கேட்டார் பாயம்மா.

அவர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.